தண்டவாளம் போன வழியில் சைக்கிள்: வாசகர் கேள்வி பதில்

இங்கிலாந்தின் நடுப்பகுதியில், பெரும்பாலும் டார்பிஷயருக்குள்ளும் ஓரளவு ஸ்டாஃபர்ட்ஷயருக்குள்ளும் பரந்து கிடக்கும் பீக் டிஸ்ட்ரிக்ட் தேசியப் பூங்காவில், ரயில் நின்றுபோன பழைய தடங்களின் வழியே சைக்கிளில் சுற்றிவரலாம் என்று சென்ற இதழில் நான்கு வரி எழுதியிருந்தேன். அந்த நான்கு வரிக்கு வந்த கடிதங்கள் ஒரு கட்டாகிவிட்டன. பலரும் கேட்டிருப்பவற்றைத் தேர்ந்தெடுத்து இங்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி: ஒரே வட்டாரத்தில் இத்தனை ரயில் தடங்கள் எப்படி வந்தன, எப்படி நின்றுபோயின? அவற்றைச் சைக்கிளுக்கு விடலாம் என்ற எண்ணம் யாருக்கு வந்தது?
— ஒரு வாசகர், லெஸ்டர்

எல்லாவற்றுக்கும் மூலம் கல்தான். இந்த வட்டாரத்தின் தென்பாதி சுண்ணாம்புப் பாறையால் ஆனது. வெட்டிய கல்லையும் காளவாயில் சுட்ட சுண்ணாம்பையும் மேட்டிலிருந்து கீழே கொண்டுவருவதற்காகவே சில தடங்கள் போடப்பட்டன. மான்செஸ்டருக்கும் லண்டனுக்கும் இடையே பயணிகளை ஏற்றிப் போவதற்காக ஒரு பெரிய தடம் பின்னர் குறுக்கே புகுந்தது. லாரியும் காரும் பெருகிய பிறகு வருமானம் வற்றியது. 1963-இல் பிரிட்டிஷ் ரயில்வே வாரியத்தின் தலைவர் ரிச்சர்ட் பீச்சிங் அளித்த அறிக்கை நாடு முழுவதும் 2,363 நிலையங்களையும் ஏறத்தாழ 5,000 மைல் தடத்தையும் மூடலாம் என்றது. பீக் டிஸ்ட்ரிக்டின் தடங்களில் சில அதற்கு முன்பே நோய்ப்படுக்கையில் கிடந்தவை. 1967, 1968 ஆகிய இரண்டு ஆண்டுகளுக்குள் முக்கியமான மூன்றும் முடிந்துபோயின.

இது 1951-இல் பிரிட்டனின் முதல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட நிலம். ஆகவே ரயில்வே கைவிட்ட தடத்தை வாங்கிக் காக்க ஒரு பொது அமைப்பு பக்கத்திலேயே இருந்தது. 1971-இல் டிஸ்ஸிங்டன் தடம் நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் குதிரைக்கும் திறந்துவிடப்பட்டது. ஹை பீக் தடமும் மான்சல் தடமும் அதன் பின்னால் வந்தன. ஆனால் முன்னோடி என்ற பெயர் மேனிஃபோல்ட் பள்ளத்தாக்குக்கே உரியது. 1904-இல் தொடங்கி 1934-இல் மூடப்பட்ட அந்தச் சிறு ரயிலின் தடம் 1937-லேயே பொதுப்பாதையாகிவிட்டது.

அந்தச் சிறு ரயிலைப் பற்றி ஒரு செய்தி நம் வாசகர்களுக்கு ருசிக்கும். அதன் பொறியாளர் எவரார்ட் கால்த்ரப் அதற்கு முன் மகாராஷ்டிரத்தில் பார்சி ரயில்வேயை அமைத்தவர். இரண்டிலும் தண்டவாளங்களுக்கு இடையே இரண்டரை அடிதான். பார்சி எஞ்சின்களை முன்மாதிரியாக வைத்துச் செய்யப்பட்ட மேனிஃபோல்ட் எஞ்சின்களுக்கு, இந்தியக் காட்டில் ஓடுவதுபோல் நெற்றியில் பெரிய விளக்குகளும் இருந்தன. ஒன்பது மைல்கூட நீளாத அந்த இங்கிலீஷ் பள்ளத்தாக்கில் அவ்வளவு பெரிய விளக்குக்கு என்ன வேலை இருந்ததோ!

கேள்வி: நாங்கள் இருவரும் அறுபதைக் கடந்தவர்கள். சைக்கிள் ஓட்டத் தெரியும். ஆனால் மேடு என்றால் மூச்சு வாங்குகிறது. பீக் என்ற பெயரே பயமுறுத்துகிறது. எங்களால் முடியுமா?
— ஒரு தம்பதி, ஹாரோ

முடியும். இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தின் மேல் எளிதில் வழுக்கும். நூறு மீட்டருக்கு இரண்டு மீட்டர் ஏறினாலே சரக்கு ரயிலுக்கு மூச்சு முட்டிவிடும். அதற்காகவே அந்தக் காலத்துப் பொறியாளர்கள் மேட்டை வெட்டி, பள்ளத்தைத் தூர்த்து, ஆற்றின் மேல் பாலம் கட்டி, தடத்தை ஏறக்குறைய ஒரே சாய்வில் கொண்டுபோனார்கள். எஞ்சினுக்காகச் செய்த அந்த உபகாரம் இன்று உங்கள் முழங்காலுக்குக் கிடைக்கிறது.

ஆனால் சாய்வு கண்ணுக்குத் தெரியாது என்பதில் ஒரு வஞ்சகம் இருக்கிறது. ஆஷ்போர்னிலிருந்து பார்ஸ்லி ஹே வரை 13 மைல் நீளமுள்ள டிஸ்ஸிங்டன் தடம் மொத்தத்தில் 200 மீட்டருக்கு மேல் ஏறுகிறது. பார்ஸ்லி ஹேயில் வாடகைக்குச் சைக்கிள் எடுப்பவர்கள், காலையில் காற்றைப்போல் கீழே இறங்கி, இன்று நமக்கு எவ்வளவு தெம்பு என்று வியந்து, ஆஷ்போர்ன்வரை போய்விடுவார்கள். மாலையில் அதே 13 மைலும் ஏறித் திரும்பும்போதுதான் காலையில் உதவியது தம் கால் அல்ல, சாய்வு என்று தெரியவரும். நீங்கள் கீழே உள்ள ஆஷ்போர்னில் தொடங்குங்கள். தெம்புள்ள நேரத்தில் ஏறி, களைத்த நேரத்தில் இறங்குங்கள். அங்கே ஊரைவிட்டு வெளியேறிய சற்று நேரத்தில், ஓடையின் மேல் இருந்த ரயில் பாலம் அகற்றப்பட்ட இடத்தில் ஒரு திடீர்ப் பள்ளம் உண்டு. அந்தச் சிறு இறக்கத்தையும் ஏற்றத்தையும் இறங்கித் தள்ளிக்கொண்டே கடக்கலாம். யாரும் எதுவும் நினைக்க மாட்டார்கள்.

மின்விசை உதவும் சைக்கிளையும் தாராளமாக எடுத்துச் செல்லலாம். மோட்டார் 250 வாட்டுக்கு மேற்படாமலும், மிதிக்கும்போது மட்டும் உதவி, மணிக்கு 15.5 மைலை எட்டியதும் உதவியை நிறுத்திக்கொள்வதாகவும் இருந்தால் பிரிட்டிஷ் சட்டம் அதைச் சாதாரணச் சைக்கிளாகவே கருதுகிறது. ஓட்டுபவருக்கு 14 வயது நிரம்பியிருக்க வேண்டும் என்பது உங்களுக்குத் தடையாக இராது என்று நம்புகிறேன்.

கேள்வி: குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். போன கோடையில் இந்தத் தடங்களில் ஒன்றில் முழுநாளும் ஓட்டினேன். முதல் ஒரு மணி நேரம் இனிமையாக இருந்தது. அதன் பிறகு இருபுறமும் புல்மேடு, முன்னால் நேர்கோடு. வேறு எதையும் காணவில்லை. இதற்காகவா இவ்வளவு புகழ்ச்சி?
— ஒரு வாசகர், நாட்டிங்காம்

உங்கள் குறை நியாயமானது. வந்த கடிதங்களில் எனக்கு மிகவும் பிடித்ததும் இதுதான். ரயில் பாதை நிலத்தைக் காட்டுவதற்காகப் போடப்பட்டதன்று, நிலத்தை வெல்வதற்காகப் போடப்பட்டது. மேடு வந்தால் வெட்டி உள்ளே நுழைந்துவிடும். அப்போது இரு பக்கமும் கரைதான் தெரியும். ஊர் வந்தாலும் சாய்வு கெடுமென்றால் ஒதுங்கிப் போய்விடும். ஹார்ட்டிங்டன் என்று பெயர்ப்பலகை தாங்கிய நிலையத்தில் இறங்கியவர்கள், ஹார்ட்டிங்டன் ஊருக்குள் போய்ச் சேர ஏறத்தாழ 2 மைல் நடக்க வேண்டியிருந்தது. தடத்தைவிட்டு இறங்காமல் ஓட்டுபவருக்கு இன்றும் அதே கதிதான்: பெயர்ப்பலகைகளைப் பார்ப்பார், ஊர்களைப் பார்க்க மாட்டார்.

ஆகவே இந்தத் தடங்களை முதுகெலும்பாக வைத்துக்கொள்ளுங்கள். விலா எலும்புகளை நீங்களே தேட வேண்டும். ஒரு மணி நேரம் தடத்தில் ஓட்டினால் அடுத்த ஒரு மணி நேரம் இறங்கி ஒரு கிராமத்துக்கோ பள்ளத்தாக்குக்கோ போய்வாருங்கள். அந்தச் சிறு சாலைகளில் மேடு கடுமையாகத்தான் இருக்கும். திரும்பத் தடத்தில் ஏறும்போது அதன் சமதளம் உங்களுக்கு அலுப்பாகத் தோன்றாது, திண்ணையில் உட்கார்ந்ததுபோல் இருக்கும்.

தடத்திலேயேகூடப் பார்ப்பதற்கு இருக்கிறது. வேகத்தைக் குறைத்தால்தான் கண்ணில் படும். வெட்டிய பாறைச் சுவர்களில், மண் அதிகமில்லாத சுண்ணாம்பு இடுக்குகளில், மே மாதக் கடைசி முதல் காட்டு ஆர்க்கிட்கள் பூக்கின்றன. மான்சல் தடத்தின் ஓரத்தில், மில்லர்ஸ் டேலுக்கு அருகே, கோட்டைச் சுவர்போல் நிமிர்ந்து நிற்கும் சுண்ணாம்புக் காளவாய்களைக் காணலாம். ஹை பீக் தடத்தின் கீழ்க்கோடியில், சரக்குப் பெட்டிகளைக் கயிறு கட்டி ஏற்றி இறக்கிய ஷீப் பாஸ்ச்சர் என்ற செங்குத்துச் சரிவின் அடியில் ஒரு குழி இருக்கிறது. 1888-இல் கயிற்றிலிருந்து விடுபட்ட இரண்டு சரக்குப் பெட்டிகள் அந்தச் சரிவில் உருண்டுவந்து, கீழே இருந்த கால்வாயையும் ரயில் தடத்தையும் தாண்டிப் போய் விழுந்தன. அதன் பிறகு, ஓடிவரும் பெட்டிகளைப் பக்கவாட்டில் திருப்பி உள்ளே தள்ளுவதற்காக இந்தக் குழியைத் தோண்டினார்கள். எட்டிப் பாருங்கள், இன்றும் உள்ளே ஓர் உடைந்த பெட்டி துருவேறிக் கிடக்கிறது. அதன் பக்கமாகத்தான் நூற்றுக்கணக்கானோர் மணியடித்துக்கொண்டு போகிறார்கள்.

கேள்வி: எனக்கு நான்கு நாள் விடுமுறை. தினம் நாற்பது ஐம்பது கிலோமீட்டர் ஓட்டுவேன். கார் இல்லை. எப்படித் திட்டமிடுவது?
— ஒரு வாசகி, பர்மிங்காம்

கார் இல்லாதது நல்லதாயிற்று. காரை நிறுத்திய இடத்துக்கே திரும்பிவர வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை. தெற்கில் ஒரு நிலையத்தில் இறங்கி, வடக்கில் வேறொரு நிலையத்தில் ஏறிவிடலாம். அப்படிப் போனால் இந்த வட்டாரத்தின் இரு முகங்களையும், அதாவது வெளிறிய சுண்ணாம்பு நாட்டையும் கறுத்த மணற்கல் நாட்டையும், ஒரே பயணத்தில் பார்க்கலாம்.

டார்பியிலிருந்து மேட்லாக் போகும் ரயிலில் க்ரோம்ஃபர்டில் இறங்குங்கள். 1771-இல் ரிச்சர்ட் ஆர்க்ரைட் நீர்விசையால் ஓடும் பருத்தி நூற்பாலையைத் தொடங்கிய ஊர் அது. அந்த ஆலைகள் உள்ள பள்ளத்தாக்கு 2001-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. கால்வாய்க் கரையோடு சிறிது தொலைவு போனால் ஹை பீக் தடத்தின் வாசல். இங்கே, மேலே நான் சொன்ன மென்மையான சாய்வு விதி அடியோடு பொய்யாகும். 1830, 31-இல் திறக்கப்பட்ட இந்த ரயிலின் வேலை, இரண்டு கால்வாய்களை மலைக்கு மேலாக இணைப்பது. ஜோசையஸ் ஜெஸ்ஸப் அதைக் கால்வாயைப் போலவே வடிவமைத்தார்: நெடுந்தூரம் நீர்மட்டம்போல் சமதளம், பிறகு படகுகளை உயர்த்தும் மதகுகள் இருக்க வேண்டிய இடத்தில் ஒரேயடியாகச் செங்குத்து. அந்தச் சரிவுகளில் உச்சியில் நின்ற நீராவி எந்திரம் பெட்டிகளைக் கட்டி இழுத்தது. ஷீப் பாஸ்ச்சர், மிடில்டன் என்ற இரண்டு சரிவுகளும் சேர்ந்து 200 மீட்டருக்கு மேல் ஏறுகின்றன. எட்டடிக்கு ஓரடி என்ற கணக்கில். மூட்டைகளோடு அதை மிதித்து ஏறுவது வீரமாக இருக்கலாம், தள்ளிக்கொண்டு போவதே விவேகம். எதிர்த்திசையில் இறங்குவது இன்னும் மோசம். பிரேக்கை நம்பி உருண்டுவருபவர்களைப் பார்க்கும்போது எனக்கு அந்தக் குழிதான் நினைவுக்கு வரும்.

மிடில்டன் உச்சியில் 1829-இல் செய்யப்பட்ட எந்திரம் அதன் புகைபோக்கியோடு பாதுகாக்கப்பட்டிருக்கிறது. அதற்கப்பால் ஹாப்டன் சரிவு, பதினான்குக்கு ஒன்று. கயிறில்லாமல் நீராவி எஞ்சினே ஏறிய பாதைகளில் பிரிட்டனிலேயே மிகச் செங்குத்தானது என்று பெயர் பெற்றது. அதையும் கடந்துவிட்டால் அன்றைய கஷ்டம் தீர்ந்தது. பிறகு ஏறக்குறைய 300 மீட்டருக்கு மேலான உயரத்தில், காரையில்லாமல் அடுக்கிய கல்சுவர்களுக்கு நடுவே, வானத்தின் அடியில் மிதப்பதுபோல் பார்ஸ்லி ஹே வரை போகலாம். இரவுக்கு ஹார்ட்டிங்டன் ஊருக்குள் இறங்கிவிடுங்கள்.

மறுநாள் ஹார்ட்டிங்டனிலிருந்து ஹியூம் எண்டுக்குப் போய், கால்த்ரப்பின் சிறு ரயில் ஓடிய மேனிஃபோல்ட் தடத்தில் 8 மைல் ஓட்டுங்கள். முழுதும் தார் போட்டது. ஒரு பகுதியிலும் ஸ்வெய்ன்ஸ்லி சுரங்கத்திலும் கார்களும் வரும் என்பதை மறக்க வேண்டாம். மழையில்லாத கோடையில் போனால் இந்த ஆறு செய்யும் மாயத்தைப் பார்க்கலாம். வெட்டன் மில் அருகே தண்ணீர் சுண்ணாம்புப் பாறையின் பிளவுகளுக்குள் இறங்கி மறைந்துவிட, அதற்குக் கீழே வெள்ளைக் கற்கள் மட்டும் நிரம்பிய வறண்ட படுகை கிடக்கும். அண்ணாந்து பார்த்தால் பாறை முகத்தில் வாய் பிளந்து நிற்கும், ‘தோர்’ என்ற பெயருள்ள குகை. வாட்டர்ஹவுசஸில் தடம் முடிந்ததும் கால்ட்டன் வழியாகச் சிறு சாலைகளில் ஐலம் போங்கள். காலையில் காணாமற்போன ஆறு அங்கே பாறையடியிலிருந்து மறுபடி வெளிப்பட்டு ஓடிக்கொண்டிருக்கும். ஐலமிலிருந்து தார்ப் ஊருக்குக் கடுமையான ஏற்றம். அங்கே டிஸ்ஸிங்டன் தடம் காத்திருக்கும். அது உங்களைச் சிறிது சிறிதாக ஏற்றி ஹார்ட்டிங்டன் நிலையத்தில் விடும். நான்கு நாளில் அதிகம் உழைக்க வேண்டிய நாள் இதுதான். அதிகம் நினைவில் நிற்கப் போவதும் இதுதான்.

மூன்றாம் நாள் மோனியாஷ் வழியாகப் பேக்வெல் வந்து, பைகளை அறையில் வைத்துவிட்டு, மான்சல் தடத்தை வெறும் சைக்கிளோடு போய்வாருங்கள். ஒரு வழி 8.5 மைல். தடம் பக்ஸ்டனுக்குச் சில மைல் முன்பே நின்றுவிடுகிறது; அங்கிருந்து ஊருக்குப் போக லாரிகள் பாயும் நெடுஞ்சாலையோ செங்குத்தான குதிரைப்பாதையோதான் வழி. திரும்பிவிடுவதே மேல். நடுவில் வை ஆற்றுக்கு மேலே ஹெட்ஸ்டோன் பாலம் ஐந்து கண்களோடு நிற்கிறது. 1863-இல் இந்த ரயில் வந்தபோது, பள்ளத்தாக்கின் அழகை இது பாழாக்கிவிட்டதென்று எழுத்தாளர் ஜான் ரஸ்கின் கொதித்தெழுந்தார். அந்தப் பாலம் இன்று சட்டத்தால் பாதுகாக்கப்படுகிறது; அஞ்சலட்டைகளில் அச்சாகும் காட்சியே அதுதான்.

நான்காம் நாள் பேக்வெல்லிலிருந்து ஹாசப், கால்வர், கிரைண்டில்ஃபர்ட் வழியாக வடக்கே போகும்போது கல்சுவர்களைக் கவனித்துக்கொண்டே ஓட்டுங்கள். மூன்று நாளாக உங்களோடு வந்த வெண்சாம்பல் சுவர் மெல்ல மறைந்து, பழுப்பும் கறுப்புமாக வேறொரு சுவர் தொடங்கும். மணற்கல் நாட்டுக்குள் வந்துவிட்டீர்கள். ஹாதர்சேஜுக்கு மேலுள்ள பாறை விளிம்புகளின் அடியில், விற்காமல் விட்டுப்போன வட்ட ஆலைக்கற்கள் இன்னும் புல்லில் சாய்ந்து கிடக்கின்றன. அந்த ஆலைக்கல்தான் தேசியப் பூங்காவின் சின்னம். கடைசியாகப் பாம்ஃபர்ட் அருகே, டெர்வென்ட், ஹவ்டன் அணைகள் கட்டுவதற்குக் கல் ஏற்றிப் போன ரயிலின் தடம், தார்ன்ஹில் தடம் என்ற பெயரில் லேடிபவர் அணையருகே கொண்டுபோய் விடும். பார்த்துவிட்டுப் பாம்ஃபர்ட் நிலையத்துக்கு இறங்கி வந்தால் மான்செஸ்டர் பக்கமும் ஷெஃபீல்டு பக்கமும் ரயில் உண்டு.

கேள்வி: சுரங்கங்களுக்குள் ஓட்டப் பயமாக இருக்காதா? என் மகளுக்கு ஒன்பது வயது.
— ஒரு தாய், மில்டன் கீன்ஸ்

மான்சல் தடத்தின் சுரங்கங்களில் பகல் முழுதும் விளக்கு எரியும். நீளமானவை நான்கும் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 400 மீட்டர். அவற்றைப் பாதுகாப்பில்லை என்று பல்லாண்டு மூடி வைத்திருந்து, 2011-இல்தான் திறந்தார்கள். வெயிலிலிருந்து உள்ளே நுழையும் அந்த முதல் நொடிகளில் கண் பழகாமல் ஒன்றும் தெரியாது; ஆகவே வாசலிலேயே வேகத்தைக் குறைத்து, குளிர்கண்ணாடி போட்டிருந்தால் கழற்றிவிட்டு நுழையச் சொல்லுங்கள். கோடையிலும் உள்ளே குளிரும். கூரையிலிருந்து கழுத்துக்குள் சொட்டும். மாலை மங்கியதும் விளக்குகள் அணைந்துவிடும் என்பதால் சைக்கிளில் விளக்கு இருப்பது நல்லது. ஆஷ்போர்ன் சுரங்கத்தில் நீராவி ரயிலின் ஓசையை ஒலிபரப்ப ஏற்பாடு செய்திருக்கிறார்கள். முன்கூட்டியே சொல்லி வையுங்கள், அல்லது குழந்தையின் குணம் தெரிந்து சொல்லாமல் விடுங்கள்.

பூங்காவின் வடகோடியிலுள்ள லாங்டன்டேல் தடத்தை மட்டும் இவற்றோடு சேர்த்து நினைக்க வேண்டாம். அது வுட்ஹெட் சுரங்கங்களின் வாயில்வரை போய் நின்றுவிடும். 1981-இல் அங்கே ரயில் நின்றுபோனது; சுரங்கத்துக்குள் இப்போது மின்கம்பிகள் போகின்றன. ஆட்களுக்கு அனுமதி இல்லை. மேலே செல்ல வேண்டியவர்கள் மலைக்கு மேல் ஏறித்தான் ஆக வேண்டும்.

கேள்வி: என்னிடம் மெல்லிய டயர் போட்ட ரேஸ் சைக்கிள் இருக்கிறது. அதுவே போதுமா, புதிதாக வாங்க வேண்டுமா?
— ஒரு வாசகர், க்ராய்டன்

மேனிஃபோல்ட் தவிர மற்றத் தடங்களில் பெரும்பாலும் தார் கிடையாது. பொடித்த சுண்ணாம்புக்கல்லைக் கெட்டித்துப் போட்டிருக்கிறார்கள். உலர்ந்த நாளில் 28 மில்லிமீட்டர் டயரிலும் ஒப்பேற்றிவிடலாம். ஆனால் பைகளின் கனத்தோடு நான்கு நாள் போவதென்றால் 35 முதல் 40 மில்லிமீட்டர்வரை அகலமுள்ள டயரைச் சிபாரிசு செய்வேன். காற்றையும் கல்போல் அடிக்காமல் சற்றுத் தளர்வாக வைத்துக்கொள்ளுங்கள். டயரைவிட முக்கியம் கியர். முன்னால் 30, பின்னால் 34 பல் என்ற அளவில் ஒரு சிறிய கியர் இல்லாமல் தடத்தைவிட்டு இறங்கினால், கிராமத்துச் சாலைகளில் சைக்கிளை ஓட்டியதைவிடத் தள்ளியதே அதிகமாக இருக்கும்.

மழை பெய்தால் அந்தச் சுண்ணாம்புப் பொடி பால்போல் கரைந்து செயினிலும் பிரேக்கிலும் தெறிக்கும். மறுநாள் காலைவரை விட்டுவைத்தால் பூச்சுக் கலவைபோல் இறுகி, மிதிக்கும்போது நறநறவென்று அரைக்கும். அன்றன்று மாலையே இரண்டு குப்பித் தண்ணீரை ஊற்றிக் கழுவி, துணியால் துடைத்து, ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். சக்கர விளிம்பைக் கவ்வும் பிரேக் என்றால் கட்டைகள் விரைவில் தேய்ந்துவிடும். மாற்றுக் கட்டை ஒரு ஜோடி பையில் இருக்கட்டும். இலையுதிர் காலத்தில் வேலிகளைக் கத்தரிப்பார்கள். அப்போது சாலையில் உதிரும் முட்கள் ஊசியைப்போல் டயருக்குள் இறங்கும். டியூப் இரண்டு, ஒட்டு, பம்ப் ஆகியவற்றோடு, முள்ளைப் பிடுங்க ஒரு சிறிய சாமணமும் எடுத்துக்கொள்ளுங்கள். விரல் நகத்தால் அது வராது.

கேள்வி: தடத்தைவிட்டு இறங்கச் சொல்கிறீர்கள். வயல்களுக்கு நடுவே போகும் ஒற்றையடிப் பாதைகளில் சைக்கிள் ஓட்டலாமா?
— ஒரு வாசகர், லூட்டன்

அம்புக்குறியின் நிறத்தைப் பாருங்கள். இங்கிலாந்தில் மஞ்சள் அம்பு போட்டது நடப்பவர்களுக்கு மட்டுமான பாதை. அதில் சைக்கிள் ஓட்ட உரிமை இல்லை. நீல அம்பு குதிரைப்பாதை. அதில் ஓட்டலாம், ஆனால் நடப்பவர்களுக்கும் குதிரைகளுக்கும் வழிவிட வேண்டும் என்று 1968-ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. புகழ்பெற்ற லாத்கில் டேல் போன்ற பள்ளத்தாக்குகளில் பெரும்பாலும் நடைபாதைதான்; சைக்கிளைப் பூட்டிவிட்டு நடந்து போய்வர வேண்டியவை அவை.

தடங்களில் மிகப்பெரிய தொல்லை, பின்னாலிருந்து சத்தமில்லாமல் வரும் சைக்கிள்தான் என்று நடப்பவர்கள் குறைப்படுகிறார்கள். உண்மைதான். மணியைத் தொலைவிலேயே மெல்ல ஒருமுறை அடியுங்கள். குதிரையை நெருங்கும்போது மணியைவிடக் குரல் நல்லது. மனிதக் குரல் கேட்டால் குதிரை மிரளாது. பின்னால் நின்று வணக்கம் சொல்லி, ஓட்டுபவர் தலையசைத்த பிறகு அகலமாக விலகிக் கடந்து போங்கள்.

கேள்வி: எந்த மாதம் நல்லது? ரயிலில் சைக்கிளை ஏற்ற விடுவார்களா?
— பெயர் குறிப்பிடாத வாசகர்

மே மாத நடுவிலிருந்து ஜூன் இறுதிவரை என்பது என் தேர்வு. பகல் நீளம்; பூக்களும் அப்போதுதான். டார்பிஷயரின் மாவட்டப் பூவான நீலநிற ஜேக்கப்ஸ் லேடரை ஜூனில் சுண்ணாம்புச் சரிவுகளில் காணலாம். ஆகஸ்ட் ஞாயிற்றுக்கிழமைகளில் மான்சல் தடம் திருவிழாக் கூட்டம்போல் இருக்கும். போகத்தான் வேண்டுமென்றால் காலை பத்து மணிக்கு முன் முடித்துவிடுங்கள். மேட்டுத் தடங்களில் காற்று பெரும்பாலும் தென்மேற்கிலிருந்து வீசும் என்பதால், மேலே சொன்ன வடக்கு நோக்கிய பயணத்தில் அது பல இடங்களில் உங்கள் முதுகைத் தள்ளும்.

ரயிலில் சைக்கிளுக்குக் கட்டணம் இல்லை. ஆனால் இந்தக் கிளைத் தடங்களில் ஓடும் வண்டிகளில் இரண்டு மூன்று சைக்கிளுக்குமேல் இடமிருக்காது, முந்தியவருக்கே இடம். நெரிசலான வண்டியில் ஏற்ற மறுத்துவிடவும் கூடும். நீங்கள் நால்வராகப் போகிறீர்கள் என்றால் இருவர் ஒரு வண்டியிலும் மற்ற இருவர் அடுத்த வண்டியிலும் ஏறுவதாகவே முதலிலிருந்து திட்டமிடுங்கள். திரும்பும் நாளில் கடைசி வண்டிக்கு முந்தைய வண்டியைக் குறிவைத்துப் பாம்ஃபர்ட் நிலையத்துக்கு வந்துவிடுங்கள்.